யார் நீ? அதற்கு முன், எங்கிருந்து வருகிறாய்?

கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலகம்... அத்தனை பேரின் பெயரும் பாஸ்வேர்டும் ஒரே ஒரு சர்வரில் இருக்கின்றன. அந்தக் கதவு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது? பழனி போன்ற ஊர்கள் இன்றே கேட்க வேண்டிய கேள்வி!

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் வந்துவிட்டால் பழனி அடிவாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. காவடியோடும் பாதயாத்திரையாகவும் வருகிறவர்கள் லாட்ஜுகளிலும் மடங்களிலும் மண்டபங்களிலும் தங்குகிறார்கள். லாட்ஜ் வரவேற்பறையில் ஆதார் ஜெராக்ஸைக் கொடுத்தால் அறைச் சாவி கிடைக்கும். பல இடங்களில் கூடவே வைஃபை பாஸ்வேர்டும் கிடைக்கும். சிறிய லாட்ஜ்களில் அந்த வைஃபையும், ஆதார் நகல்கள் சேமிக்கப்பட்டிருக்கும் வரவேற்பறை கம்ப்யூட்டரும், சி.சி.டி.வி பெட்டியும் ஒரே ரூட்டரில் இணைந்திருப்பது சாதாரணம்.

யார் வந்தாலும் வரவேற்கிற ஊர் என்பது பழனியின் பெருமை. ஊருக்குப் பொருந்தும் அந்தக் குணம் நெட்வொர்க்குக்குப் பொருந்தாது. லாட்ஜை விடுங்கள்... கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் என ஆயிரக்கணக்கானோரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் இந்த ஊரிலும் திண்டுக்கல் மாவட்டம் முழுவதிலும் இருக்கின்றன. கோயில் தேவஸ்தானமே 1960-ல் தொடங்கிய பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி முதல் பல கல்வி நிறுவனங்களை நடத்துகிறது. பக்கத்தில் காந்திகிராமத்தில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்த ஒரு நிறுவனத்தின் மீதும் குற்றம்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. எல்லா ஊர்களிலும் எல்லா நிறுவனங்களிலும் இருக்கக்கூடிய ஒரு திறந்த கதவைப் பற்றி எழுதுகிறோம். பைசா செலவில்லாமல் மூடக்கூடிய கதவு அது.

பெயர்கள் குடியிருக்கும் இடம்

ஒரு மாணவி காலையில் கம்ப்யூட்டர் லேபில் லாகின் செய்கிறாள். மதியம் நூலகத்தில், இரவு ஹாஸ்டல் வைஃபையில். மூன்று இடத்திலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மூன்று இயந்திரங்களும் அந்தப் பாஸ்வேர்டைத் தனித்தனியாக நினைவில் வைத்திருப்பதில்லை. 'இவள் சொல்வது சரிதானா?' என்று மூன்றும் ஒரே இடத்தில் போய்க் கேட்கின்றன. அந்த இடத்தின் பெயர்தான் டைரக்டரி சர்வர்.

பெயர், பதிவெண், துறை, ஈமெயில், போன் நம்பர், எந்தக் குழுவில் உறுப்பினர், எதற்கெல்லாம் அனுமதி உண்டு என அனைத்தும் அதில் அடுக்கடுக்காக எழுதப்பட்டிருக்கும். அதனோடு பேசும் மொழிக்கு எல்டாப் என்று பெயர். 1993-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது. அதற்கு முன்பிருந்த எக்ஸ்.500 என்ற கனமான ஏற்பாட்டைச் சாதாரண கம்ப்யூட்டர்களும் பயன்படுத்துவதற்காக இளைத்த வடிவில் செய்தார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 உடன் ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டுவந்தது. இலவச மென்பொருள் உலகில் ஓப்பன் எல்டாப் வந்தது. இன்று உலகின் பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இரண்டில் ஒன்றோ, இவற்றின் உறவினர் ஒன்றோதான் லாகின்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகப் பிறந்தது என்பதால் இதற்குப் பேச்சு கொஞ்சம் தாராளம். ஓப்பன் எல்டாப்பில் அனுமதி விதி எதுவுமே எழுதாமல் விட்டுவிட்டால், கேட்கிற எவருக்கும் எல்லாவற்றையும் படிக்கக் கொடுப்பதுதான் அதன் இயல்பு. பெயர் சொல்லாமல் வந்து கேட்டாலும் பதில் சொல்லும். ஆக்டிவ் டைரக்டரி இந்தத் தாராளத்தை 2003-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே குறைத்துக்கொண்டது. ஆனால், உள்ளே ஒரே ஒரு சாதாரணப் பயனரின் பாஸ்வேர்டு சிக்கினால் போதும். யார் நிர்வாகி, எந்த சர்வர் எங்கே இருக்கிறது என்ற மொத்த வரைபடத்தையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். நெட்வொர்க்குக்குள் நுழையும் திருடர்கள் முதலில் தேடிப்போவது டைரக்டரி சர்வரைத்தான் என்பதற்குக் காரணம் இதுவே.

டெல்லியும் கூடங்குளமும்

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. பதிவுச் சீட்டு, பரிசோதனை முடிவு, அட்மிஷன் எல்லாம் பேனாவுக்கும் பேப்பருக்கும் திரும்பின. நாட்டின் முன்னணி அரசு மருத்துவமனை சுமார் இரண்டு வாரங்கள் அப்படித்தான் நோயாளிகளைப் பார்த்தது. 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குதல் நடந்ததற்கு அரசு சொன்ன காரணம்: நெட்வொர்க் முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படவில்லை. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால்தான் இ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்க முடிந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலேயே இன்னொரு சம்பவம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் தீங்கு நிரல் புகுந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்தது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டுடன் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 4 அன்றே அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைத் தெரிவித்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் இருந்த நெட்வொர்க், நிலையத்தின் முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது, உள்ளே பாதிப்பில்லை என்றது கழகத்தின் அறிக்கை.

இரண்டு இடத்திலும் ஒரு கம்ப்யூட்டராவது ஏமாந்தது. ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் தவறான லிங்க்கை அழுத்தத்தான் செய்வார். அதன் பிறகு திருடன் எத்தனை அடி நடக்க முடிகிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சுவர்கள்.

முகவரி பார்த்துத் திறக்கும் கதவு

சுவர் எழுப்புவதில் மிக எளிய, மிகப் பழைய முறை, வருகிற கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரியைப் பார்ப்பது. பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே, 'நீ எங்கிருந்து வருகிறாய்?' என்று கேட்டுவிடுவது. வங்கி லாக்கரைத் திறக்க உங்களிடம் சாவி இருக்கலாம். ஆனால், அந்த அறைக்குள் உங்களை விட்டால்தானே சாவிக்கு வேலை?

ஒரு கல்லூரியை வைத்துப் பார்ப்போம். சர்வர்கள் 10.10.5 என்று தொடங்கும் முகவரிகளில் இருக்கின்றன. லேப் 10.10.20, அலுவலகம் 10.10.30, ஹாஸ்டல் வைஃபை 10.10.60. டைரக்டரி சர்வரின் முகவரி 10.10.5.10. இவர்களில் யாருக்கு அந்த சர்வரோடு நேரடியாகப் பேச வேண்டிய தேவை இருக்கிறது?

'எல்லோருக்கும்தான், எல்லோரும் லாகின் செய்கிறார்களே' என்பது உடனே வரும் பதில். அது தவறு. ஹாஸ்டலில் மாணவி தன் போனில் பாஸ்வேர்டைப் போடும்போது, அந்த போன் வைஃபை கருவியிடம் பேசுகிறது. வைஃபை கருவி, லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்கிறது. ரேடியஸ் சர்வர்தான் டைரக்டரி சர்வரிடம் கேட்கிறது. பாடங்களைப் பார்க்கும் மூடில் தளமும் அப்படித்தான். மாணவி தளத்திடம் பேசுகிறாள், தளம் டைரக்டரியிடம் பேசுகிறது. ஈமெயிலும் அதே கதை. ஆக, மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியிலும் டைரக்டரி சர்வரின் கதவைத் தட்ட வேண்டிய இயந்திரங்கள் ரேடியஸ், மூடில், மெயில் என நான்கைந்துதான். விண்டோஸ் டொமைனில் சேர்ந்த லேப், அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவை நேராகப் பேசியே ஆக வேண்டும். ஹாஸ்டல் போன்களில் ஒன்றுக்குக்கூட அந்த சர்வர் இருக்கும் திசை தெரிய வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் கையில் வந்துவிட்டால் மூன்று இடங்களில் பூட்டலாம். முதலாவது, சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்பது. எல்லா இணைப்புகளிலும் கேட்காமல், உள் நெட்வொர்க் முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லலாம். இரண்டாவது ஃபயர்வால். எல்டாப்பின் வழக்கமான கதவு எண் 389, மறையாக்கம் செய்த கதவு 636, ஆக்டிவ் டைரக்டரியில் கூடுதலாக 3268, 3269. பட்டியலில் இல்லாத முகவரிகளுக்கு இவற்றை மூடிவிட வேண்டும். மூன்றாவது, டைரக்டரிக்குள்ளேயே எழுதும் அனுமதி விதி. ஓப்பன் எல்டாப்பிலும், 389 டைரக்டரி சர்வர் என்ற மற்றொரு இலவச மென்பொருளிலும் 'இந்த ஐ.பி.யிலிருந்து வந்தால் இதை மட்டும் படிக்கலாம்' என்று எழுத வசதி உண்டு. ரேடியஸ் சர்வர் பாஸ்வேர்டைச் சரிபார்க்கலாம், ஆனால் போன் நம்பர்களைப் படிக்க முடியாது என்ற அளவுக்கு நுணுக்கமாகவே எழுதலாம்.

விதி எழுதும்போது வழுக்கும் இடங்கள்

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலையில் கால் வழுக்கும் இடங்கள் பல.

முதலில், விதிகளின் வரிசை. ஓப்பன் எல்டாப் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, பொருந்துகிற முதல் விதியிலேயே நின்றுவிடும். முதல் வரியில் 'எல்லோரும் படிக்கலாம்' என்று இருந்தால், கீழே எவ்வளவு கவனமாக முகவரிகளை எழுதினாலும் அவற்றை அது எட்டிப்பார்க்காது. 389 டைரக்டரி சர்வரில் முறையே வேறு. அனுமதி, மறுப்பு இரண்டும் பொருந்தினால் மறுப்புதான் ஜெயிக்கும். ஒன்றில் பழகிய கையோடு மற்றொன்றில் எழுதினால் கதவு திறந்தே கிடக்கும், அல்லது அடியோடு அடைபட்டுவிடும்.

அடுத்தது, பழைய விதிகளை நம்பியிருப்பது. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஊடுருவிய ஒருவனைக் கண்காணிப்பதற்காக 1990-ல் வீட்ஸ வெனமா எழுதிய டிசிபி ராப்பர், லினக்ஸ் உலகில் வெகுகாலம் இந்த வேலையைச் செய்தது. அனுமதிக் கோப்பு ஒன்று, மறுப்புக் கோப்பு ஒன்று. இரண்டிலுமே பெயர் இல்லாதவர்களை அது உள்ளே விட்டுவிடும். மறுப்புக் கோப்பில் 'எல்லோரும்' என்று எழுத மறந்தால், அனுமதிப் பட்டியலுக்கு அர்த்தமே இல்லை. 2019-ல் வெளியான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பு டிசிபி ராப்பரையே கைவிட்டது. சர்வரைப் புதுப்பித்த இடங்களில் அந்தக் கோப்புகள் இன்னமும் இருக்கலாம். அவற்றைப் படிக்க யாரும் இல்லை.

மூன்றாவது, ஒரே முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூட்டம். ஹாஸ்டலில் தனி ரூட்டர் வைத்து, உள்ளே இருக்கும் நூறு போன்களையும் ஒரே முகவரியில் வெளியே காட்டினால், சர்வரின் கண்ணுக்கு அது ஒரே ஆள். அந்த ஒரு முகவரியை அனுமதித்தால் நூறு பேரையும் அனுமதித்ததாக ஆகும்.

நான்காவது, ஐ.பி.வி.6. இந்தியாவில் மொபைல் நிறுவனங்களின் புண்ணியத்தில் இந்தப் புதிய முகவரி முறை மிக வேகமாகப் பரவியிருக்கிறது. பழைய வகை முகவரிகளுக்கு மட்டும் விதி எழுதிவிட்டு, சர்வரில் புதிய வகை முகவரியும் இயங்கிக்கொண்டிருந்தால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவிட்டதாகிவிடும்.

மூடாத கதவு ஊருக்கே ஆபத்து

'எங்களிடம் என்ன ராணுவ ரகசியமா இருக்கிறது?' என்று கேட்கிற நிர்வாகிகள் உண்டு. ரகசியம் இல்லாத சர்வரும் அடுத்தவரைத் தாக்கும் ஆயுதமாகிவிடும்.

ஆக்டிவ் டைரக்டரி, யு.டி.பி முறையிலும் 389-ஆம் கதவில் பதில் சொல்லும். அந்த முறையில், கடிதத்தின் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவது சுலபம். தாக்குகிறவன் தன் இரையின் முகவரியைப் போட்டுச் சிறு கேள்வியை அனுப்புவான். சர்வர் ஐம்பது, அறுபது மடங்கு பெரிய பதிலை அந்த இரையின் தலையில் கொட்டும். உலகெங்கும் திறந்து கிடந்த இத்தகைய சர்வர்களைக் கூட்டாக ஏவித்தான் 2020 பிப்ரவரியில் அமேசான் கிளவுட் மீது நொடிக்கு 2.3 டெராபிட் அளவுக்குத் தாக்குதல் நடந்தது. வெளியுலகத்துக்கு 389-ஐ மூடியிருந்த எந்த சர்வரையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடிந்திருக்காது.

உள்ளே வருகிற பாதையை மட்டும் காத்தால் போதாது என்பதை 2021 டிசம்பர் கற்றுக்கொடுத்தது. லாக்4ஜே என்ற ஜாவா நிரலில் வெளிப்பட்ட ஓட்டை உலகையே உலுக்கியது. லாகின் பெட்டியிலோ தேடல் பெட்டியிலோ தாக்குகிறவன் ஒரு வரியைத் தட்டினால், அதைப் பதிவு செய்யும் சர்வர் தானாகவே வெளியே கிளம்பி, அவன் வைத்திருக்கும் எல்டாப் சர்வரிடம் போய்க் கேட்டு, அவன் தருவதை வாங்கி இயக்கிவிடும். 'நமது அப்ளிகேஷன் சர்வர்கள் நமது டைரக்டரி சர்வரிடம் மட்டுமே பேசலாம்' என்று வெளியே போகும் பாதைக்கும் விதி எழுதியிருந்தவர்களிடம், பரவலாகக் கையாளப்பட்ட அந்த வழி பலிக்கவில்லை. முகவரிப் பட்டியல் இரண்டு திசைக்கும் வேண்டும்.

'ஒரு நிமிஷம் ஓப்பன் பண்ணுங்க சார்'

சிறிய ஊர்களில் இந்தக் கதவுகள் எப்படித் திறந்தன என்று கேட்டால், பெரும்பாலும் யாரோ உதவி செய்யப்போய்த்தான். புது மென்பொருளை நிறுவும்போது லாகின் ஆகவில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் கம்பெனி ஆள் போனில் சொல்வார்: "சார், ஃபயர்வால ஒரு நிமிஷம் எல்லாத்துக்கும் ஓப்பன் பண்ணுங்க, நான் இங்கிருந்தே பார்த்துடறேன்." திறந்ததும் வேலை நடக்கும், எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஒரு நிமிடம் அப்படியே வருடங்களாக நீளும். திறந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு எதற்குத் திறந்தது என்று தெரியாது, மூடினால் எது நின்றுவிடுமோ என்ற பயத்தில் தொடமாட்டார்.

இந்தப் பயத்துக்கு மருந்து சர்வரின் பதிவேடான லாகிலேயே இருக்கிறது. ஓப்பன் எல்டாப்பில் பதிவு அளவை 256 என்று வைத்தால், வந்துபோகும் ஒவ்வொரு இணைப்புக்கும் எந்த ஐ.பி.யிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன கேட்டார் என்று வரி வரியாக எழுதும். மாதத் தொடக்கம், தேர்வு நேரம், சம்பளப் பட்டியல் போடும் நாள் எல்லாம் அதில் அடங்கும்படி சில வாரங்கள் எழுதவிடுங்கள். முகவரிகளைத் தொகுத்துப் பாருங்கள். தெரிந்த நான்கைந்து முகவரிகள் ஆயிரக்கணக்கான முறை வந்திருக்கும். ஓரத்தில் தெரியாத சில நிற்கும். சில, எல்லோரும் மறந்துபோன பழைய பயோமெட்ரிக் கருவிகள். சில, அங்கே இருக்கவே கூடாதவை. மூடுவதற்கு முன்பே பாதி உண்மை தெரிந்துவிடும். மூடும் அன்று ஒருவர் சர்வர் அறையிலேயே கீபோர்டு முன்னால் இருக்க வேண்டும்; விதி தவறினால் தொலைவிலிருந்து திருத்த வழியிருக்காது.

முகவரி மட்டும் போதுமா?

போதாது. அனுமதிக்கப்பட்ட லேபில் உட்கார்ந்திருப்பவரே திருடராக இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட கம்ப்யூட்டரே வைரஸ் பிடித்ததாக இருக்கலாம். 2009-ல் தாக்குதலுக்கு ஆளான கூகுள் நிறுவனம், 'உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே' என்ற கொள்கையில் தன் நெட்வொர்க்கையே மாற்றி அமைத்தது. அந்தப் பாடம் சரியானது. பாஸ்வேர்டு, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, மறையாக்கம் எதையும் முகவரிப் பட்டியலால் ஈடுசெய்ய முடியாது.

ஆனால், அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படித்து, 'அப்படியானால் முகவரியைப் பார்ப்பது வீண்' என்று சொல்வதை ஏற்க முடியாது. பாஸ்வேர்டைக் களவாடியவனுக்கும் அதைப் போட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டும். உலகில் எங்கிருந்தும் போட்டுப் பார்க்கலாம் என்ற நிலையை, குறிப்பிட்ட நான்கு இயந்திரங்களிலிருந்து மட்டும் என்று சுருக்கினால் அவனுடைய வேலை பல மடங்கு கடினமாகிறது. அவன் தடுமாறும்போது லாகில் தடயம் விழுகிறது. நமக்கு நேரம் கிடைக்கிறது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்களை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

திங்கட்கிழமை கேட்க வேண்டிய 5 கேள்விகள்

*நிர்வாகத்தில் இருப்பவர்கள் தங்கள் சிஸ்டம் அட்மினிடம் கேட்க...*

1. நமது டைரக்டரி சர்வரோடு பேச வேண்டிய இயந்திரங்கள் எவை? முகவரியோடு ஒரு பக்கப் பட்டியல் உண்டா?

2. பட்டியலில் இல்லாத ஒரு லேப்டாப்பை ஹாஸ்டல் அல்லது விருந்தினர் வைஃபையில் இணைத்து 389, 636 கதவுகளைத் தட்டினால் என்ன நடக்கிறது? இப்போதே தட்டிக் காட்ட முடியுமா?

3. பெயர் சொல்லாமல் கேட்பவருக்கு நமது சர்வர் எதைப் படிக்கக் கொடுக்கிறது?

4. ஐ.பி.வி.6-க்கும், வெளியே செல்லும் இணைப்புகளுக்கும் விதி எழுதியிருக்கிறோமா?

5. தற்காலிகமாகத் திறந்த கதவுகளுக்கு யார் திறந்தார், எதற்காக, எந்தத் தேதியில் மூட வேண்டும் என்ற குறிப்பு இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் தேடப் புதிய கருவி வாங்கத் தேவையில்லை, டெண்டர் விடத் தேவையில்லை. இருக்கிற ஃபயர்வால், இருக்கிற மென்பொருள், சில வாரங்கள் லாக் படிக்கும் பொறுமை போதும். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பிள்ளைகள், தங்கள் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் நம்பிக் கொடுத்திருப்பது அந்த நிறுவனத்திடம்தான். மேலாளர் கேட்டால்தான் அட்மினுக்கு இந்த வேலைக்கென்று நேரம் ஒதுக்கப்படும். கேட்காதவரை அது யாருடைய வேலையும் ஆகாது. கல்லூரி முதல்வர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களே, அலுவலகத் தலைவர்களே... அந்த ஒரு பக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இல்லாத எவருக்கும் கதவைத் திறக்காதீர்கள்.